தாடைக்குப் போட்ட கணக்கு

கிள்ளான்,
15 மார்ச் 2025

அன்புள்ள நசீமா அக்காவுக்கு,

சலாம். நீங்களும் மகள் ருமானாவும் பெர்த் வெயிலில் சிரமமில்லாமல் நோன்பு பிடிக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

தீபாவளியிலிருந்து உங்கள் போனை நான் எடுக்கவில்லை. கடையில் சரக்கு இறங்குகிறது, ஆள் பற்றவில்லை என்று மெசேஜ் போட்டதெல்லாம் பொய். என் இடது தாடைக்குள் ஒரு கட்டி இருந்தது. பயப்படாதீர்கள், புற்று இல்லை. ஆனால் விட்டால் எலும்பை அரித்துக்கொண்டே போகிற ரகம். ஜனவரி கடைசியில் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறேன். பேச்சு மட்டும் இன்னும் கொஞ்சம் குழறுகிறது. அதைக் கேட்டால் நீங்கள் அழுவீர்கள், உங்களோடு சேர்ந்து நானும் அழுவேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கெட்ட எலும்பை வெட்டிவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து அந்த இடத்தில் வைத்து, டைட்டானியத் தகடு போட்டு ஸ்குரூவால் முடுக்குவதாக டாக்டர் திருச்செல்வம் சொன்னார். பிரிக்பீல்ட்ஸ் கடையில் பதினாலு வருஷம் நாம் இருவரும் பேசிப் பேசித்தானே சேலை விற்றோம்? வாய் போனால் எனக்கு என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரர் ராஜன்தான், "இனிமே நீ வாயாலேயே நடக்கலாம் லா" என்று சிரிக்க வைத்தார். சொல்லிவிட்டு, வாசலில் நின்ற தன் லோரியில் ஏறி உட்கார்ந்து அழுதாராம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஷாமினி என்ற பெண் வந்தார். டாக்டர் இல்லை, இன்ஜினியர். என் ஸ்கேனை வைத்து கம்ப்யூட்டருக்குள் என் தாடையை அப்படியே செய்துவிட்டார். நான் மெல்லும்போது எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழும், எந்த ஸ்குரூ தாங்கும், எது தாங்காது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அவர் வேலை. என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். இட்லி, கஞ்சி என்றேன். பற்களுக்கு நடுவில் கடியின் பலத்தை அளக்கிற ஒரு கருவியை வைத்து, கட்டி இல்லாத பக்கம் பலமாகக் கடிக்கச் சொன்னார். பூ மாதிரி கடித்தேன்.

ஏன் தெரியுமா? கோழி எலும்பைக் கடித்துக் கடித்துத்தான் கட்டி வந்தது என்று திட்டுவார்களோ என்று பயம்.

அடுத்த வாரம் போனபோது திரையில் என் தாடை முழுக்க நீலமாகத் தெரிந்தது. நீலம் என்றால் பாரம் குறைவாம், எல்லாம் தாங்குமாம். டாக்டருக்கும் திருப்தி. சாதாரணத் தகடே போதும் என்று எழுதப் போனார். அப்போது ராஜன் எழுந்து நின்றுவிட்டார்.

"டாக்டர், இவ பொய் சொல்றா. கோழிக்கறின்னா எலும்பைக்கூட மிச்சம் வைக்க மாட்டா. ஐஸ் கட்டியக் கடிச்சா பக்கத்து ரூமுக்குக் கேக்கும்!"

எனக்கு மானமே போய்விட்டது. ஷாமினி திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கடிக்கிறதுக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க தப்பா குடுத்தா என் கணக்கும் தப்பாத்தான் வரும். ஒரு தடவ உண்மையா கடிங்க, ப்ளீஸ்," என்றார்.

கடித்தேன். நம்பரைப் பார்த்து, "அம்மாடி!" என்று சிரித்தார்.

கணக்கைத் திரும்பப் போட்டபோது, மோவாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்குரூவைச் சுற்றி ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. டாக்டர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு, அந்தச் சாதாரணத் தகடு கொஞ்ச நாளிலேயே உடைந்திருக்கலாம், மறுபடியும் முகத்தைத் திறக்க வேண்டி வந்திருக்கும் என்றார். தகட்டை மாற்றி, கால் எலும்பு உட்காரும் இடத்தையும் நகர்த்தி, சிவப்பு மறைகிற வரைக்கும் இரண்டு பேரும் திரையில் பார்த்துப் பார்த்து வேலை செய்தார்கள். அப்படியேதான் ஆபரேஷனும் நடந்தது.

போன வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு ஒட்டத் தொடங்கிவிட்டது. இப்போதைக்குக் கஞ்சிதான், நிஜமாகவே கஞ்சி. கண்ணாடியில் முகம் லேசாகக் கோணல். ராஜன் தெரியவே இல்லை என்கிறார். அவர் சொல்வதில் அந்த ஒரு பொய்யை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். மே மாதம் கடைக்குத் திரும்பலாமாம்.

அக்கா, இன்னொரு விஷயம். கோபப்படக் கூடாது. ருமானா ராஜனுக்குப் போன் செய்தாள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறீர்களாம். மாடிக்குப் போயே ஒரு வருஷம் ஆகிறதாம். டாக்டர் கேட்டால் முழங்காலில் லேசான வலி என்று சொல்லி, தைலத்தோடு திரும்பிவிடுகிறீர்களாம். எனக்குப் போட்ட மெசேஜிலும் நல்லாத்தான் இருக்கேன் என்றுதானே சொன்னீர்கள்?

நோன்புப் பெருநாள் முடிந்ததும் ருமானாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை படி ஏற முடியவில்லை, எந்த நேரத்தில் வலிக்கிறது, எத்தனை நாள் தூங்கவில்லை, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் அவளைச் சொல்ல விடுங்கள். எனக்கு உங்களை விட்டால் வேறு அக்கா கிடையாது. அல்லா உங்களை நல்ல கைகளில் சேர்க்கட்டும்.

உங்கள் தங்கை,
உஷாராணி