பேய்க்கு ஒரு மெழுகுவர்த்தி

நேற்று காலை பெரிய மார்க்கெட்டில் சாமந்தி குவியல் குவியலாகக் கிடந்தது. பக்கத்துக் கடையில் கட்டுக் கட்டாக மெழுகுவர்த்தி. இரண்டு வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், நீ என் காதருகே வந்து சிரித்த மாதிரி இருந்தது. போன பிறகும் உன் தொல்லை விடவில்லையடி.

கல்லூரியில் நாம் எழுதிய கட்டுரை ஞாபகமிருக்கிறதா? பிரெஞ்சுப் பேய்க்கதைகளில் அச்சம் எப்படி உண்டாகிறது என்று. நம்மூரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய புதிது. பேய்ப் படம் வந்தால் போதும், இதுவும் பாடம்தான் என்று என்னை டாக்கீஸுக்கு இழுத்துப் போவாய். நான் கண்ணைப் பொத்திக்கொள்வேன். நீ என் விரல்களைப் பிரித்து, "பாருடி, கதவு தொறக்கறதுக்கு முன்னால வாத்தியமெல்லாம் நின்னுடுச்சு. அங்கதான் பயம் இருக்கு" என்பாய். நிம்மதியாகப் பயப்படக்கூட விடமாட்டாய்.

கல்லறை, அந்தி நேரம், மெழுகுவர்த்தி வெளிச்சம். இவை சேர்ந்தால் யாராயிருந்தாலும் நடுங்குவார்கள் என்று எழுதினோம். அதைச் சோதித்துப் பார்க்க, கல்லறைத் திருநாளன்று என்னை உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாய். எங்கள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுப் பக்கமே போவதில்லை. பூ வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன். அங்கே பார்த்தால் திருவிழா! சுண்ணாம்படித்த கல்லறைகள் மேலெல்லாம் பூ. நடுவே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் சின்னச் சின்னச் சுடர்கள். கனவுக்குள் நடப்பது போலத்தான் இருந்தது எனக்கு.

உன் தாத்தாவின் கல்லறையோரம் உட்கார்ந்து, பிரெஞ்சு நாவலில் பேய் வரும் இடத்தை உன் அத்தைக்குத் தமிழில் சொன்னாய். பாழடைந்த மாளிகையில் தன்னந்தனியாக அலையும் ஒரு பெண்ணின் ஆவி. அத்தை எந்த இடத்தில் நடுங்குகிறார் என்று குறித்துக்கொள்ள நான் நோட்டுடன் காத்திருந்தேன். அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ பாவம்! அந்தப் பொண்ணுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்த நாதியில்லையா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினாய்.

அறுபத்திரண்டில் உங்கள் குடும்பம் பிரான்சுக்குக் கிளம்பியது. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குளிர்ல என்னைப் பாக்க யாருடி வரப்போறா? நான் செத்துட்டா இங்க எனக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திடு" என்றாய். "போடி பைத்தியம், கிளம்பற நேரத்துல பேச்சைப் பாரு" என்று திட்டினேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்காக இன்றைக்கும் என்மேலேயே கோபம் வருகிறது.

நீ இறந்த செய்தி ஒன்றரை வருஷம் கழித்து, இந்த ஆண்டுதான் வந்தது. அதற்குள் ஒரு கல்லறைத் திருநாள் சும்மா போய்விட்டது. அன்று நீ எங்கே அலைந்தாயோ என்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. பேயை நம்பாதவள்தான் நான். உன் விஷயத்தில் மட்டும் நம்புகிறேன்.

நேற்று கல்லறைத் திருநாள். மாலையில் உப்பளம் போனேன். தோட்டத்தின் நடுவே பெரிய சிலுவை இருக்கிறதல்லவா, வெளியூரில் புதைக்கப்பட்டவர்களுக்காக அதனடியில்தான் ஏற்றுகிறார்கள். கடற்காற்று இரண்டு முறை அணைத்தது. மூன்றாம் முறை உள்ளங்கையால் மறைத்து ஏற்றி, அது நின்று எரியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தடவை வீட்டில் பொய் சொல்லவில்லையடி. "என் சிநேகிதியப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.