இரண்டு லிட்டர் சாம்பிள்

மாதா துணை

பெங்களூரு, 12.8.2024

அன்புள்ள பியாட்ரிஸ் அக்காவுக்கு,

எங்கள் குரோம் பிளேட்டிங் கம்பெனி சாம்பிள் உன் லேபில் இருக்கும்வரை போனில் பேசமாட்டேன் என்று சட்டம் போட்டிருக்கிறாய். வருஷா வருஷம் இதே கூத்து. அதனால் கேனோடு கடுதாசியும் வருகிறது. தொம்மலூரில் அத்தான் சுகமா?

ஜோவிதாவுக்கு ஆறாம் மாதம். எட்டு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. நான் அவளை நடக்கவே விடுவதில்லை என்று திட்டுகிறாள். சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்கு நேர்த்திக்கடனாகக் காவி உடுத்தியே தீருவாளாம். கையில்தான் ஒரே அரிப்பு. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

கழிவுநீரை நானே சுத்தம் செய்து பிடித்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் லைசென்ஸ் புதுப்பிக்க உன் ரிப்போர்ட் வேண்டும், சீக்கிரம் கொடு.

உன் தம்பி,
கிளிஃபர்ட்

தொம்மலூர், 19.8.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கேன் ஃபெயில். சோதனை மருந்தை ஊற்றியதுமே கத்தரிப்பூ நிறம் வந்துவிட்டது. நச்சுக் குரோமியம் லிட்டருக்கு 2.6 மில்லிகிராம். கழிவுநீருக்கே 0.1தான் எல்லை. குடுவை அழுக்கோ என்று மூன்று தடவை செய்து பார்த்தேன்.

எனக்கு உறுத்துவது வேறு. மெட்டாபைசல்ஃபைட் போட்டுச் சுத்தம் செய்த தண்ணீரில் சல்பேட் மண்டிக் கிடக்கும் என்று உனக்கே தெரியும். இதில் பேருக்குத்தான் இருக்கிறது. பார்த்தால் போர் தண்ணீர் மாதிரி இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே தம்பி. எங்கே பிடித்தாய்? பயமாக இருக்கிறது, உடனே எழுது.

அக்கா
பியாட்ரிஸ்

21.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துவிடு. ஜூன் மாதத்திலிருந்து ஓனர் மருந்தே வாங்கித் தரவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் வற்றிப்போன போர்குழி ஒன்று இருக்கிறது, கழிவுநீரை அதில் விடச் சொன்னார். “ஏனூ ஆகல்லா கிளிஃபர்ட், ஒண்ணும் ஆகாது, பூமி குடிச்சிடும்” என்றார். தினமும் வால்வைத் திறந்தவன் நான்தான்.

சாம்பிள் அனுப்பவேண்டிய நாளில் அனுப்ப ஒன்றுமில்லை. லைசென்ஸ் போனால் நாற்பது பேர் வேலை போகும். சுத்தமான தண்ணீர்தானே வேண்டும் என்று, கம்பெனிக்குப் பின்புறம் எங்கள் லைன் வீட்டுச் சமையலறைக் குழாயில் பிடித்தேன். லைனுக்கு வருவதும் போர் தண்ணீர்தான். வாளியில் பிடித்தால் லேசாக மஞ்சள் அடிக்கும், மழைக்குச் செம்மண் கலக்கிறது என்று நினைத்திருந்தோம்.

அக்கா, கேன் மாறியிருக்கும். மாறிவிட்டது என்று ஒரு வரி எழுது. ஜோவிதா அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி என்று நான்தான் காய்ச்சி, ஆற்றிக் கொடுக்கிறேன்.

கிளிஃபர்ட்

22.8.2024

தம்பி,

கேன் மாறவில்லை. காய்ச்சினால் அது போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் ஏறத்தான் செய்யும்.

உன் போன் காலையிலிருந்து அணைந்து கிடக்கிறது. ஜோவிதாவிடம் பேசிவிட்டேன். குழாய்த் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்காதே என்றேன். “ஏன் அண்ணி?” என்றாள். டேங்கில் எலி விழுந்துவிட்டதாம் என்று சமாளித்தேன். மீதியை நீதான் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. ஓஸ்வால்ட் அண்ணன் ஆட்டோவில் மூன்று கேன் நல்ல தண்ணீர் அனுப்பியிருக்கிறேன், இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது.

உங்கள் லைனில் இன்னும் பதினொரு வீடு இருக்கிறது. நாளை மதியம் வாரியத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்கப்போகிறேன். உன் பேர் வரும். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். ஆனாலும் கொடுப்பேன். அதற்குமுன் நீயாகப் போய்ச் சொல்லிவிடு, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பியாட்ரிஸ்

24.8.2024

அக்காவுக்கு,

வாரியத்துக்கு நானே போனேன். அங்கே என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன். திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஷெட்டுக்குச் சீல் வைத்தாயிற்று. ஓனர் ஊரில் இல்லையாம்.

அதற்கு முன்பே ஜோவிதாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. “எப்போலேருந்து?” என்று மட்டும் கேட்டாள். ஜூன் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “நாலாம் மாசம்” என்றாள். பதினொரு வீட்டுக்கும் தனியாகத்தான் போய்ச் சொன்னேன். சொர்ணம் அக்கா என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

பிள்ளை அசைகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேறு எதுவும் இப்போது சொல்ல முடியாதாம். உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கவேண்டுமாம், அந்தச் சோதனை அங்கே இல்லை.

ஓஸ்வால்ட் அண்ணனிடம் ஒரு சின்ன பாட்டில் கொடுத்திருக்கிறேன். ஜோவிதாவின் சிறுநீர். உன் லேபில் செய்யமாட்டார்கள் என்று தெரியும், செய்கிற இடம் உனக்குத் தெரிந்திருக்கும். மேலே பெயரும் தேதியும் அவளே எழுதினாள். எழுதும்போது பிடித்துக்கொள்ளக்கூடப் பாட்டிலை என் கையில் தரவில்லை.

இந்தத் தடவை எதையும் மாற்றிப் பிடிக்கவில்லை அக்கா.

கிளிஃபர்ட்