ஒரு டப்பா சொல்யூஷன்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆம்பூரில் நீயும் அப்பாவும் சுகம்தானே? உன் முட்டிவலி கம்மியாச்சா? சென்னை சாப்பாடு எனக்குப் பழகிவிட்டது.

போன வாரம் எங்கள் கலைப்பள்ளி இசை நாடக ஒத்திகையில் கதாநாயகியின் ஷூ அடி பிய்ந்துவிட்டது. நான் ஷூ கம்பெனித் தொழிலாளி மகளாச்சே, ஐந்தே நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்தேன். "சூப்பரா பண்றியே! இனிமே ஷூ எல்லாம் நீயே பாத்துக்கம்மா" என்று சார் என்னைப் பாட்டுக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். வேலை ஜாலிதான்.

இங்கே வாங்கிய பசை நிற்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல், நம்மூரில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் ஒரு டப்பா அனுப்பு. "ஷூ வேலை என்னோட போவட்டும்" என்று சொல்லித்தானே என்னை இங்கே சேர்த்தார்? கேட்டால், பாடுகிறாள் என்று சொல். பொய் இல்லை அம்மா. திரைக்குப் பின்னால் நின்று எல்லோருடைய பாட்டையும் வாய்க்குள்ளேயே பாடுகிறேன்.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன்
ஜெபஷீலா