சுவரைப் பார்த்து ஜெபித்தவர்

மார்ச் 3, ஞாயிறு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று முதல் நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபிப்பது என்று தீர்மானித்தேன். இடம் சமையலறை, ஜன்னலோரம். நேரம் காலை ஐந்தரை. ஐம்பத்திரண்டு வயது முழங்கால்கள் இத்தீர்மானத்தை ஒருமனதாக வரவேற்றன. வீட்டுக்காரரிடம் முறைப்படி அறிவித்தேன். "கால் ஆடுற நாற்காலிய எடுத்துக்காத," என்றார்.

விஷயம் இதுதான். பாஸ்டருக்கு எழுபத்து நான்கு வயது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். பதினாலாம் தேதி நான் வேலை பார்க்கும் கண் கிளினிக்குக்கு வருகிறார். கண்ணைச் சோதிப்பது நான். நான் எழுதுவதில் டாக்டர் கையெழுத்துப் போடுவார். வாசிக்கும் வழக்கம் இல்லை.

இன்று காலை ஆலய வாசலில், ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்துப் பாஸ்டர் "ஸ்தோத்திரம் தம்பி" என்றார். ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பதினொரு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக விடப் போனார். முன்சீட்டில் என் தங்கை மகள், ஒன்பது வயது.

எனக்கு ஞானம் வேண்டும். கிடைக்கும்வரை கேட்பேன்.

மார்ச் 4, திங்கள்

கேட்டேன். பதில் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்தேன். கூடாரத் திரைகளின் நீள அகலம் வந்தது. இன்னொரு தடவை வைத்தேன். ஒரு வம்ச வரலாறு. இந்த முறையை இத்துடன் கைவிடுகிறேன்.

மார்ச் 7, வியாழன்

சத்தமாக ஜெபித்துவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்காரர் காபியோடு வந்து நின்றார். "பதினாலாம் தேதி வேற யாருக்காவது டியூட்டி விழணும்னு கேக்குறியே. இது ஞானம் கேக்குறதா, லீவு கேக்குறதா?"

அவர் வருடத்துக்கு ஒரு முறைதான் சரியாகப் பேசுவார். இந்த வருடக் கணக்கு மார்ச்சிலேயே தீர்ந்தது.

நாளை முதல் வார்த்தையை மாற்றுகிறேன். என்னைத் தப்புவியும் என்றல்ல, நான் என்ன செய்யட்டும் என்று.

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் பாஸ்டரிடமே கேட்டேன். ஒரு தோழிக்காக என்று சொல்லித்தான். "பதில் கர்த்தர்கிட்டருந்து வந்துச்சுன்னு எப்படிங்க தெரியும்?"

"உனக்கு வசதியா இருந்தா இன்னொரு தடவ கேளும்மா. வசதியா இல்லேன்னா ஒரு தடவயே போதும்." தானே சிரித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வண்டி ஓட்டுறவரைக்கும்தான் கமிட்டி என்னை வெச்சிருக்கும். வியாழக்கிழமை கொஞ்சம் பாத்துக்கம்மா."

பாத்துக்கம்மா. என்னத்த நான் பாத்துக்க? எனக்கு ஞானஸ்நானம் குடுத்தவர். கல்யாணம் பண்ணி வெச்சவர். அம்மாவ அடக்கம் பண்ணுனவர். அவர் கையிலருந்து சாவியப் பிடுங்க ஊர்ல வேற ஆளே இல்லையா?

மார்ச் 12, செவ்வாய்

பாஸ்டர் திடீரென்று கிளினிக்குக்கு வந்தார். இந்த இடத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்றார். கண் சோதிக்கும் எழுத்து அட்டை மாட்டிய சுவரருகே போய், ஒரு சாண் தூரத்தில், ஐந்து நிமிடம் உதடு அசைய நின்றார். கண் திறந்தே இருந்தது. சுவரைப் பார்த்து ஜெபித்த அரசன் ஒருவன் வேதத்தில் உண்டு. ஆகவே முன்மாதிரி இல்லாமல் இல்லை. நான் ஆமென் சொன்னேன்.

மார்ச் 13, புதன்

ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு ஒரே ஒரு எண்ணம் வந்தது: அலமாரிக்குப் பின்னால் இன்னொரு அட்டை இருக்கிறது.

பரலோகம் இவ்வளவு சுருக்கமாகவா பேசும்? இல்லை, இது இருபத்து மூன்று வருட உத்தியோகத்தின் குரலா? தெரியவில்லை. வசதியாக இல்லை என்பது மட்டும் தெரிந்தது. இன்னொரு தடவை கேட்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

அட்டையை மாற்றி மாட்டினேன்.

பாஸ்டர் உட்கார்ந்தார். முதல் எழுத்திலிருந்து கடைசி வரிவரை, ஆசீர்வாதம் கூறும் குரலில், ஒரு பிழையில்லாமல் சொன்னார் — பழைய அட்டையை. அறுபது வருடம் வசனம் மனப்பாடம் செய்த வாய்.

"பாஸ்டர், இது வேற அட்டை."

நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "எப்ப மாத்துன?"

"காலைல."

"யார் சொல்லி?"

"நேத்து ஜெபத்துல தோணுச்சு."

"உனக்கு வசதியா இருந்துச்சா?"

"இல்ல பாஸ்டர்."

"அப்ப எழுதும்மா," என்றார். பிறகு, நான் கேட்காமலே: "உன் தங்கச்சி மகதான் எனக்கு சிக்னல் சொல்லுவா. 'சிவப்பு பாஸ்டர், பச்ச பாஸ்டர்'னு. நான் வெளயாட்டு காட்டுறேன்னு அவ நெனைச்சுக்கிட்டிருக்கா."

டாக்டரும் பார்த்தார். கண் நரம்பு தேய்ந்திருக்கிறது, கண்ணாடி மாற்றித் தீராது என்றார். தகுதி இல்லை என்று எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். இந்த முறை வாசித்துவிட்டு.

வீட்டுக்கு வந்து அழுதேன். வீட்டுக்காரர் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

மார்ச் 17, ஞாயிறு

காலை ஏழரைக்குப் பாஸ்டரம்மா வேன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். வேனை நான் ஓட்டினேன். பதினொரு பிள்ளைகளையும் ஏற்றிவிட்டுக் கடைசியாகப் பாஸ்டரை ஏற்றினேன். எட்டு நாற்பதுக்கு ஆலயம் சேர்ந்தோம்.