திருமழபாடிக்கு வந்தவன்

அன்பு மகள் ஆனி ரோஸுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் இதை எழுதும் நேரம் வரை நான் சுகமாக இருக்கிறேன், மஸ்கட்டில் உன் உடம்பும் மனதும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் ஜெபம். டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய், போனை நான் இப்போது நம்புவதில்லை, பக்கத்து வீட்டு சுமதியின் நாத்தனார் அங்கே வேலைக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இந்தத் திருமழபாடியில் நான் ஜெயசித்ரா, அப்பா அன்பழகன் என்பது உனக்குத் தெரியும். சென்னையில் தன் கூட்டத் தலைவன் அறிவரசனும் தானும் சேர்ந்து செய்த கொலைகளைக் கோர்ட்டில் சொல்கிறேன் என்று அப்பா அப்ரூவர் ஆனபோதே பழைய பெயர்களை விட்டுவிட்டோம். பொட்டு வைத்துக்கொண்டு சிவன் கோயிலுக்குப் போகிறேன், ஏலாக்குறிச்சி வழியாகப் பஸ்ஸில் போனால் மாதா கோயிலைப் பார்த்ததும் சிலுவை போடக் கை தானாக எழும்பும், முடியை ஒதுக்குவது போல இறக்கிக்கொள்வேன். அப்பா குத்தகைக்குக் கரும்பு போட்டார், ஊரார் அவரை வாய் திறக்காத சாது என்றே நினைத்திருந்தார்கள்.

போன மாதம்தான் எல்லாம் கெட்டது. திருமானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருவன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை முடியைப் பிடித்து இழுத்து அடித்திருக்கிறான், எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க அப்பா போய் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து, பழைய குரலில் ஏதோ சொன்னாராம், அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பாப்பாயி வந்து, “ஒங்க வூட்டுக்காரரு மாதிரி ஊருக்கு ஒருத்தரு இருந்தா போதுங்க, அந்த வீடியோ சென்னை வரைக்கும் போயிட்டுதாம்” என்று பூரித்துப்போய்ச் சொன்னாள், அறிவரசன் ஆட்களும் அதைப் பார்த்திருப்பார்களே என்று அன்றைக்கே வாசல் விளக்கை அணைத்து வைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டுக் கொள்ளிடக் கரையோடு வந்துகொண்டிருந்தேன், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவன் எதிரே வந்து என் பழைய பெயரைச் சொல்லிக் கும்பிட்டான். “மதலேன் அக்கா, ஆனி ரோஸ் பாப்பா மஸ்கட்ல நல்லா இருக்குதா? கிறிஸ்துமஸுக்கு வருதாமே, ஏர்போர்ட்டுக்கு நாங்களே வண்டி அனுப்புறோம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டான். நீ டிக்கெட் போட்டதை என்னிடம் மட்டும்தானே போனில் சொன்னாய்?

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை ஒதுக்கிவிட்டு, கரும்பு வெட்டுகிற அரிவாளை எடுத்துத் தீட்ட உட்கார்ந்தார். “அரியலூர்லதான் ரூம் போட்டிருப்பான், விசாரிச்சா தெரிஞ்சிடும், நீ கதவைச் சாத்திக்க” என்றார். அந்த முகத்தை நான் சென்னையில் பார்த்திருக்கிறேன். இன்னொரு தரம் அவர் சட்டையில் ரத்தம் துவைக்க எனக்குத் தெம்பில்லை. சுமதியின் போனை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய், கேஸைப் பார்க்கிற இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா கிளம்புவதற்குள் ஜீப் வந்துவிட்டது, பெரம்பலூர் வழியாகச் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள், சாட்சி சொல்லி முடிக்கிற வரை காவலில் வைத்திருப்பார்களாம். ஏறும்போது அப்பா என்னைத் திட்டவில்லை. “வாசல்ல நான் நின்னிருப்பேன், இப்ப யாரு நிப்பா?” என்று மட்டும் கேட்டார். ஆனாலும் செய்தது தப்பென்று நான் நினைக்கவில்லை.

எனக்குக் காவலாக விட்டுப்போன போலீஸ்காரர் நேற்று ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்று போனார், இன்னும் வரவில்லை. கரை மேல் ஒரு வெள்ளைக் கார் காலையிலிருந்து இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது, யாரும் இறங்கவில்லை. நானும் எங்காவது போய்விடலாம்தான், ஆனால் நான் ஓடினால் அவர்கள் உன் பக்கம் திரும்புவார்கள், நான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் இங்கேயே காத்துக் கிடப்பார்கள், அதற்குள் அப்பா கோர்ட்டில் பேசி முடித்துவிட வேண்டும். அதனால் வழக்கம் போல வாசல் பெருக்கிக் கோலம் போட்டு, துணி காயப்போட்டு, அவர்கள் பார்க்கும்படியே நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. ஹாஸ்டலை மாற்று, போன் நம்பரையும் மாற்று, புது நம்பரை என்னிடம் கூடச் சொல்லாதே. அப்பா மேல் கோபம் வைக்காதே, உனக்காகத்தான் அவர் வாய் திறக்கச் சம்மதித்தார். அடைக்கல மாதா தன் முந்தானையில் உன்னை மூடிக் காக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகளின் வாழ்த்தெல்லாம் உனக்குத் துணை நிற்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே கண்ணு. நானே உன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே கிளம்பி வாடி என்று அழுதாலும் வராதே. என் பக்கத்தில் ஆள் நிற்கிறான் என்று புரிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போனை வைத்துவிடு.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா
மதலேனம்மாள்