பன்னிரண்டாவது பெயர்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே கை கால் தோள்பட்டை எல்லாம் ஒழுங்காக இருந்து சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன ஆட்டத்தில் கம்பத்தில் மோதி விழுந்தாயாமே, போனில் அம்மாவிடம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சிரித்தாயாம், ஒன்றுமில்லாததற்கு எதற்கடா கட்டுப் போட்டார்கள்? கோல்கீப்பர் என்றால் பந்தைப் பிடி, கம்பத்தைப் பிடிக்காதே. அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் உனக்குக் காது மூடுகிற தொப்பி ஒன்று பின்னிக்கொண்டிருந்தாள், பாதியில் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ இடையிலேயே விடுங்கப்பா விடுங்கப்பா என்பாய். கடிதத்தில் அது முடியாது பார்.

நாட்டில் புதிதாகத் தொழில்முறை கால்பந்து லீக் ஒன்று ஆரம்பிக்கிறார்கள், உனக்கும் தெரிந்திருக்கும். மொத்தம் பத்து கிளப்புக்குத்தான் இடம், மனுப் போட்டது இருபத்தேழு. காசு இருக்கிறவன் கையில் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன், அப்படி இல்லை, ஒரு கமிட்டி போட்டு ஒவ்வொரு கிளப்பாக வந்து பார்த்து மார்க் போடுகிறார்கள். மைதானம் எத்தனை அடி, மழை பெய்தால் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, உட்கார எத்தனை பேருக்கு இடம், உடை மாற்றும் அறையில் குழாயில் தண்ணீர் வருகிறதா, விளக்கு வெளிச்சம் போதுமா என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி மார்க். இதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சரிசெய்ய அவகாசம் கொடுப்பார்களாம். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அவகாசம் கிடையாது. பதினாறு வயதுக்குள் அந்தக் கிளப்பிலேயே மூன்று வருஷம் பயிற்சி எடுத்து, இன்றைக்குப் பெரிய அணிகளில் ஆடுகிறவர்கள் பன்னிரண்டு பேரையாவது காட்ட வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் மனு தள்ளுபடி. வெளியிலிருந்து ஆட்களை வாங்கி வந்து கிளப் என்று பலகை மாட்டுகிறவர்களை வடிகட்டத்தான் இந்த விதியாம், நல்ல விதிதான்.

நம்ம ஊர்க் கிளப்பும் மனுப் போட்டிருந்தது. செயலாளர் யார் என்று நினைக்கிறாய், அதே முத்திரையார்தான். மனிதர் இன்னும் அப்படியே இருக்கிறார், துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதினாலும் வட்ட முத்திரையை எடுத்து வாயால் ஊதி ஊதிக் குத்தாமல் விடமாட்டார். முதலில் மைதானத்து விளக்கு வேலைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். இந்த ஊரில் அந்தக் கம்பங்களின் வயரிங் எனக்கு மட்டும்தான் தெரியும், வேறு யாரையும் கூப்பிட வழியில்லை. போனேன். நாலு கம்பத்திலும் ஏறி இறங்கி பழைய கேபிளை எல்லாம் உருவிப் போட்டுப் புதுசு இழுத்தேன். உன் மாமாகூடக் கேட்டார், உங்க பிள்ளைய ஊரைவிட்டே ஓட வச்சவனுக்கு எதுக்கு மச்சான் இப்படி உழைக்கிறீங்க, ஒரு ஃபியூஸைத் தளர்த்தி விட்டா கமிட்டி வர்ற அன்னிக்கு இருட்டிலேயே கதை முடிஞ்சிடுமேன்னு. எனக்கும் தோன்றாமல் இல்லை, மறைக்க மாட்டேன். ஆனால் என் வேலையில் கோளாறு என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது. அந்த ஆள் விழுந்தால் அவர் கையெழுத்தாலேயே விழ வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன், எப்படி என்றுதான் அப்போது தெரியவில்லை.

வழி தானாக வீடு தேடி வந்தது. வேலை முடிந்த இரண்டாம் நாள் முத்திரையார் நம் வீட்டுக்கே வந்துவிட்டார், பதினோரு வருஷத்தில் முதல் தடவை. கையில் ஒரு படிவம், ஏற்கெனவே முத்திரை குத்தியது. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, தம்பி வெளிநாட்டுல ஆடறது நம்ம எல்லாருக்குமே பெருமைதான், ஊருக்காக ஒரு கையெழுத்துன்னு இழுத்தார். வாங்கிப் பார்த்தேன். கிளப் வளர்த்த ஆட்டக்காரர்கள் பட்டியல். ஒன்று முதல் பதினொன்று வரை வேறு பெயர்கள். பன்னிரண்டாவது உன் பெயர். நீ இங்கே இல்லாததால் பெற்றவன் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. ஆனாலும் கமிட்டி வருகிற அன்றைக்கு நேரிலேயே வந்து போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு என்ன நிம்மதி தெரியுமா, வாசல்வரை கும்பிட்டுக்கொண்டே போனார்.

அவர் தெருவைத் தாண்டியதும் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினேன். அதில்தான் முத்திரையாருடைய பழைய கடிதம் இருந்தது, நீ அன்றைக்கே கிழித்துப் போடச் சொன்னாய், நான் கிழிக்கவில்லை. உனக்குப் பதினைந்து வயது, பதினாறு வயதுக்குள்ளானவர்கள் போட்டியில் இறுதி ஆட்டம் ஜெயித்த மறுநாளே வயது மீறிய ஆள் ஆடினான் என்று எதிரணி புகார் கொடுத்தது. ஆடியது முத்திரையாருடைய அக்கா மகன், ஊருக்கே தெரியும், அவனுக்கு அப்போதே மீசை அரும்பிவிட்டது. அவனைக் காப்பாற்ற உன்னைப் பிடித்துக் கொடுத்தார். இந்தப் பையன் எங்கள் கிளப்பில் ஒருநாளும் பயிற்சி பெற்றவன் இல்லை, பொய் வயது சொல்லி அந்த ஓர் ஆட்டத்துக்குள் புகுந்துவிட்டான் என்று கால்பந்துச் சங்கத்துக்கு எழுதி, நமக்கும் ஒரு நகல் அனுப்பினார், முத்திரையோடு. இரண்டு வருஷத் தடை, பொய் வயதுக்காரன் என்று சங்கப் பதிவேட்டில் பெயர். மாநில அணித் தேர்வு அந்த மாதமே முடிந்துபோயிற்று. நான் உன் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கிளப் அலுவலக வாசலில் மூன்று நாள் நின்றேன், உனக்குச் சொன்னதில்லை. மூன்று நாளும் அந்த ஆள் தலையை நிமிர்த்தவே இல்லை, குனிந்து காகிதங்களில் முத்திரை குத்திக்கொண்டே இருந்தார்.

கமிட்டியிலிருந்து ஒரு அம்மாவும் இரண்டு ஆண்களும் வந்தார்கள். அந்த அம்மாதான் தலைவி, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம், கோல் கம்பத்தைக்கூடத் தானே டேப் பிடித்து அளந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மெயின் ஸ்விட்சைப் போட்டேன். நாலு கம்பமும் ஒரே மூச்சில் எரிந்தது. கருவியை வைத்து ஏழெட்டு இடத்தில் அளந்துவிட்டு யார் செய்த வேலை என்று கேட்டார், முத்திரையார் என் தோளில் கை போட்டு, எங்க கிளப் வளர்த்த கோல்கீப்பரோட அப்பாதாங்க, பிள்ளை இப்போ வெளிநாட்டுல ஆடறான்னு பல்லெல்லாம் தெரியச் சொன்னார். தோளில் கை, என் தோளில். அப்படியா, அப்போ கையெழுத்தை இப்பவே போட்டுடுங்களேன்னு அந்த அம்மா பேனாவை நீட்டினார். நான் கருவிப் பையிலிருந்து பழைய கடிதத்தை எடுத்து நீட்டினேன். படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா, போடறேன்னேன். அவர் அதைப் படித்தார், படிவத்தைப் படித்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முத்திரையாரைப் பார்த்து, ரெண்டுலயும் உங்க முத்திரைதான் இருக்கு, இதுல எது பொய்னு நீங்களே சொல்லிடுங்கன்னார். முத்திரையாருடைய கை என் தோளிலிருந்து தானாக இறங்கியது. எனக்கு அந்த நிமிஷம் போதும், பதினோரு வருஷம் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் அன்றைக்குத்தான் ஜீரணமானது.

பழைய கடிதம் நிஜம் என்றால் நீ கிளப் ஆள் இல்லை, கணக்கு பதினொன்றோடு நிற்கும். பொய் என்றால் பொய் என்று எழுத்தில் கொடுத்து, அதில் நானும் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கமிட்டி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும் என்று கெடு வைத்துவிட்டுப் போனார் அந்த அம்மா. மாட்டேன் என்றுதான் அந்த ஆள் சொல்வார் என நினைத்தேன். புதன்கிழமை காலை வந்து நிற்கிறார். முழுப் பக்கம் எழுதியிருந்தார். அக்கா மகனைக் காப்பாற்ற உன்மேல் பழி போட்டது, நீ மூன்று வருஷம் தினமும் பயிற்சிக்கு வந்தது, பதவியை ராஜினாமா செய்வது, ஒன்றையும் மறைக்கவில்லை. என் கண் எதிரிலேயே முத்திரையை ஊதிக் குத்தினார். என்னை என்ன வேணா பண்ணுங்க, கிளப்பை விட்டுடுங்க, எல்லாம் நம்ம பிள்ளைங்க, நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கன்னு அழுதுவிட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

உன் அம்மா அன்றைக்கே, அதான் நாம கேட்டது கிடைச்சிடுச்சே, போய்க் குடுத்துட்டு வாங்கன்னாள். வியாழனும் சொன்னாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். நான் நகரவில்லை. மூன்று மணிக்கு முத்திரையார் தெருமுனையில் வந்து நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. உள்ளே வரத் தைரியமில்லை, போகவும் மனமில்லை. நான் ஜன்னலுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு பழைய மிக்சியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவர் பார்க்கட்டும் என்றுதான். தலை நிமிராமல் வேலை பார்க்க எனக்கும் தெரியும். ஐந்தேகாலுக்கு நிமிர்ந்தேன், தெருமுனையில் யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை முதல் ஆளாகச் சங்க அலுவலகத்துக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கொடுத்தேன். பதிவேட்டில் உன் பெயருக்கு நேரே இருந்ததை அடித்து, குற்றமற்றவர் என்று எழுதி, எனக்குச் சான்று கொடுத்தார்கள். அதை இத்தோடு வைத்திருக்கிறேன். இந்தப் புதன்கிழமை பத்து கிளப் பெயரும் வெளிவந்தது, நம்ம ஊர் இல்லை. நீ இதை எல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன் என்பாய். நான் மறக்கவில்லை, பெற்றவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

நேற்று மைதானம் பக்கம் என் ஏணியை எடுத்துவரப் போனேன். பயிற்சிக்கு வருகிற பையன்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், பந்து ஓரமாகக் கிடந்தது, ஒருத்தரும் தொடவில்லை. உன் வயது அப்போது என்னவோ அதேதான் எல்லோருக்கும். ஏணியைப் பிடிக்க ஒருவரும் எழுந்து வரவில்லை, தனியாகத் தூக்கி வந்தேன். வீட்டில் இதைச் சொன்னபோது உன் அம்மா, நம்ம ஒரு பிள்ளைக்கு அந்த ஆள் பண்ணினதை நீங்க இத்தனை பிள்ளைகளுக்குப் பண்ணிட்டு வந்திருக்கீங்கன்னாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, தொப்பியையும் பின்னவில்லை. நான் செய்தது சரிதான், இன்னொரு தடவை வாய்த்தாலும் அதே நாற்காலியில்தான் உட்காருவேன். சரியா தப்பா என்று கேட்டு எழுதாதே.

நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் நீ நூறு வயது இருக்க வேண்டும், இறங்குகிற ஆட்டமெல்லாம் உன் கைக்குள் இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். தோள்பட்டையை டாக்டரிடம் காட்டு, சான்றைப் பத்திரமாக வை. மறக்காமல் அம்மாவுக்குப் போன் போடு. பேசி முடித்ததும் அப்பாகிட்ட குடுங்கன்னு சொல். நீ கேட்டால்தான் அவள் என் பக்கம் திரும்புவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா