பெரிய வியாழன் மாலை எத்தனை பாகை

டோர்ட்மண்ட்,
மே 9, சனிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய யோசப் அண்ணைக்கு,

நித்தியானந்தன் எழுதிக்கொள்வது. நானும் ரஞ்சினியும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் மகள் லவினியாவின் குடும்பமும் டிரெஸ்டனில் சுகமாக இருக்க உங்கள் அந்தோனியாரையும் எங்கள் பிள்ளையாரையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் கைவிட்டாலும் மற்றவர் பார்ப்பார்.

தினமும் தொலைபேசியில் கதைக்கிறவனுக்குக் கடிதம் என்னத்துக்கு என்று யோசிப்பீர்கள். சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கிழமை நாலு தரம் உங்களுக்கு எடுத்தேன். நாலு தரமும் காலநிலையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இப்போதும் காலநிலைதான் முதலில் வருகிறது. நீங்கள் போன அடுத்த நாள் இருபத்து மூன்று பாகை. கதிர்காமநாதன் அரைக்காற்சட்டையோடு வந்து, இனிக் கோடைதான் என்று தோட்டம் முழுக்கப் பறைசாற்றிக்கொண்டு திரிந்தான். இரண்டு நாள் கழித்து ஆலங்கட்டி மழை. என் கீரைப் பாத்தி சல்லடையாகிவிட்டது. ஏப்ரல் இருபத்து நாலாம் திகதி காலை தோட்டத்துப் பள்ளத்தில் சுழியத்துக்குக் கீழே இரண்டு. காலையில் சைக்கிள் இருக்கையில் பனி சுரண்டினேன், அதே நாள் பின்னேரம் ஐஸ்கிரீம் கடையில் வரிசையில் நின்றேன். நேற்று இருபத்தாறு. கொவால்ஸ்கி அம்மா மட்டும் ஒன்றுக்கும் அசையவில்லை. மே நடுவில் வரும் பனிப் புனிதர்களின் நாட்கள் போகும்வரை செடிகளை மூடின ஒரு போர்வையும் எடுக்கமாட்டாராம். அவர்கள் உங்கள் சபைப் புனிதர்கள்தானே, நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

உங்கள் பீச் மரத்தில் பதினொரு காய் நிற்கிறது. எண்ணிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லவினியாவும் இதை வாசிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு எங்கள் காலநிலைப் புத்தகத்தின் நடைமுறை முழுதாகத் தெரியாது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சித்திரைப் பனி எங்கள் நாலு பேரின் தோட்டத்துப் பூவையும் ஒரே இரவில் கருக்கியபோது, அடுத்த நாளே நீங்கள் ஒரு கட்டக் கொப்பியும் ஒரு வெப்பமானியும் வாங்கிவந்தீர்கள். ஓடைக்கரைப் பள்ளத்தில் கம்பம் நட்டு வெப்பமானியைக் கட்டினோம். கொப்பியைக் கருவிக் கொட்டிலில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்தோம். பேனை குளிரில் எழுதாது என்று பென்சில். உங்களுக்கும் எனக்கும் கதிருக்கும் கொவால்ஸ்கி அம்மாவுக்கும் கிழமைக்கு ஒருவராக முறை. காலை ஆறுக்கும் மாலை ஏழுக்கும் நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். மாலையில் நாலு பாகைக்குக் கீழே இருந்தால் முறைகாரர் மற்றவர்களுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கைத்தொலைபேசி காட்டும் பாகை நகரத்துக்குரியது, மேட்டிலிருந்து இறங்கி வரும் குளிர் எங்கள் பள்ளத்தில் வந்து குந்திவிடும், அதனால் யாரும் வீட்டிலிருந்து பார்த்து எழுதக் கூடாது என்று முதல் பக்கத்தில் உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள். அந்த விதியை மற்றவர்களுக்கு ஓதிக்கொண்டு திரிந்தவன் நான்தான். கதிர் ஒருமுறை முறையைத் தவறவிட்டபோது கோடைக் கூடலில் எல்லாருக்கும் முன்னால் அவனை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டேன். நீங்கள் இடையில் வந்து, முறையை மாத்தினது நான்தான், அவனுக்குச் சொல்ல மறந்துபோனன் என்று பழியை உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். அது பொய் என்று எனக்கும் தெரியும், கதிருக்கும் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் என் முறை. அன்று பகல் இருபது பாகை. கண்ணாடி வீட்டுக்குள் உங்கள் நாற்றுகள் அறுபதும் தயிர்க் கோப்பைகளில் நின்றன. ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு வீட்டின் பெயர்: கத்தரி யாருக்கு, மிளகாய் யாருக்கு, பாகல் யாருக்கு என்று. கூரை யன்னலைத் திறந்து விட்டிருந்தீர்கள், மூடினால் சூட்டில் தண்டு அழுகிவிடும் என்று. பின்னேரம் பூசைக்கு வெளிக்கிட்டபோது என்னிடம் சொன்னீர்கள்: நான் கோயிலுக்குப் போறன் நித்தி, நீ ஏழு மணிக்குப் பாத்து வை, குளிர் எண்டால் பூசை முடியத் திரும்பி வந்து யன்னலைச் சாத்திச் சூட்டுக்கு விளக்குக் கொளுத்துவன் என்று. நான் தலையாட்டினேன்.

வேலையால் வரும் வழியில் தோட்டத்தில் உங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சப்பாத்தைக் கழற்றினேன். ரஞ்சினி பிட்டு அவித்திருந்தாள். சப்பாத்தைக் கழற்றின பிறகு திரும்பவும் போட்டு, இருபது நிமிடம் சைக்கிள் மிதித்து ஒரு வெப்பமானியைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணை, இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று எத்தனையோ நாள் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. ஐந்தாம் மாடிப் பல்கனியில் தொங்குகிற வெப்பமானியை யன்னலால் எட்டிப் பார்த்தேன். ஏழு காட்டியது.

பூசை முடிந்து எடுத்தீர்கள். எத்தினை தம்பி என்று கேட்டீர்கள். ஏழு அண்ணை, பயமில்லை, பேசாமல் வீட்டை போங்கோ என்று நான் சொன்னேன்.

ஏழு என்றுதான் சொன்னேன். இந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற எல்லா வரியும்.

வெள்ளிக்கிழமை காலை எழும்பி யன்னலால் பார்த்தேன். தெருவில் நின்ற கார் எல்லாம் வெள்ளை. முகம் கழுவாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளத்து வெப்பமானியில் இரவின் ஆகக்குறைந்த பாகையைக் காட்டும் ஊசி சுழியத்துக்குக் கீழே நாலில் நின்றது. கண்ணாடி வீட்டை எட்டிப் பார்த்தேன். நாற்றுகள் அவித்த கீரை மாதிரிக் கோப்பை விளிம்பில் தொங்கின. பிறகு கொட்டிலுக்குப் போய்த் தகரத்தைத் திறந்தேன். முதல் நாள் மாலைக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதில் ஒரு பாகை என்று எழுதினேன். பக்கத்தில், யோசப் அண்ணைக்கு அறிவித்தேன் என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதப் பார்த்தேன், அதுவும் பொய்யாகிவிடும். சைக்கிளில் வந்த இருபது நிமிடமும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். கதிரின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. உங்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

எட்டு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். ஈஸ்டருக்கு வந்திருந்த லவினியாவும் கூட வந்தாள். கோப்பைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, ஏழு எண்டெல்லோ சொன்னனீ என்று கேட்டீர்கள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இல்லை அண்ணை, ஒண்டு எண்டுதான் சொன்னனான், கொப்பியிலயும் இருக்கு என்று நான் சொன்னேன். கொப்பியை வாங்கிப் பார்த்தீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தீர்கள். அப்ப எனக்குத்தான் பிசகிப் போச்சு என்று சொன்னீர்கள். லவினியா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாசியில் வீட்டுத் திறப்பைக் கதவுப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனீர்களே, அதை அவள் மனதில் வைத்திருந்திருக்கிறாள். அன்றுதான் அவள் முடிவெடுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது பிஸ்கட் தகரத்தை என் கையில் தந்து, இனி என்ர தலையை நம்பேலாது, நீ கவனமாய் எழுதுவாய், நீயே வைச்சிரு என்று சொன்னீர்கள். அந்தத் தகரம் இப்போது எங்கள் குசினி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. ரஞ்சினி இரண்டு தரம் எடுத்துத் துடைத்தாள். நான் தொடவில்லை. தோட்டத்தில் வேறு ஒரு கொப்பி வைத்துக் காலையும் மாலையும் எல்லாருடைய முறையையும் நானே பார்த்து எழுதுகிறேன். கதிர் என்னைப் பெரிய மனுசன் என்கிறான்.

அங்கிருந்து நீங்கள் எடுக்கும்போது இப்போதெல்லாம் புதிதாக ஒன்று செய்கிறீர்கள். இண்டைக்கு எத்தினை பாகை என்று கேட்டுவிட்டு, குறை நினையாதை, முந்தியும் கேட்டனானோ தெரியாது என்கிறீர்கள். கேட்டதையே நீங்கள் திரும்பக் கேட்டதில்லை அண்ணை. ஒரு தரமும் இல்லை. நான் சொல்லும் பாகையைத் துண்டில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுகிறீர்கள் என்று லவினியா சொன்னாள். ஒன்பது வருடத்துப் பனியையும் திகதியோடு மனதில் வைத்திருந்த மனிதர் நீங்கள்.

சென்ற ஞாயிறு லவினியா எனக்கு எடுத்தாள். பராமரிப்புப் பணத்துக்கு அன்ட்ராக் என்று விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். இருபதாம் திகதிக்கு டெர்மின் குறித்திருக்கிறதாம், அன்றைக்கு உங்கள் ஞாபகத்தைச் சோதிக்க ஆள் வருகிறாராம். அங்கிள், அண்டைக்கு நடந்ததை நீங்கள் ஒரு தாளில எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தால் பெரிய உதவியாய் இருக்கும், நீங்கள்தானே பக்கத்தில நிண்டனீங்கள் என்று கேட்டாள். வாடகைத் தோட்டத்தைக் கைவிடும் கடிதமும் எழுதி வைத்திருக்கிறாளாம், அப்பா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை, பேனையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறார் என்றாள். கடைசியாக, அந்தத் தோட்டத்தை நீங்களே எடுங்கோ அங்கிள், அப்பாவுக்கும் அதுதான் விருப்பம் என்றும் சொன்னாள். அழுத மாதிரி இருந்தது அவள் குரல். நல்ல பிள்ளை. அவளில் ஒரு பிழையும் இல்லை. நான் எழுதி வைத்த பொய்யை நம்பி அவள் தன் தகப்பனைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

அவள் கேட்ட தாளை எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன். திகதி எழுதினேன், உங்கள் பெயர் எழுதினேன், அதற்கு மேல் கை போகவில்லை. ரஞ்சினி வந்து என்ன என்று கேட்டாள். முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. அண்டைக்கு நீங்கள் சப்பாத்தைக் கழட்டினதை நானும் பாத்தனான், நானாவது கேட்டிருக்கலாம் என்றாள். பிறகு, அந்த மனுசன் தன்ர தலையையே நம்பாமல் இருக்குது, நீங்கள் இஞ்ச இருந்து பிட்டுச் சாப்பிடுறியள் என்றாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அண்ணை, உங்கள் தலையில் ஒரு பிசகும் இல்லை. திறப்பை நானும் மூன்று தரம் கதவில் விட்டிருக்கிறேன், எனக்கு ஐம்பத்தெட்டு வயதுதான். சோதிக்க வருகிறவர் வந்து சோதிக்கட்டும், அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வியாழக்கிழமையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நாற்றுகளைக் கொன்றது நான். அறுபது கோப்பையின் பழியையும் உங்கள் பேரில் எழுதி வைத்ததும் நான். மன்னிப்பு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். இன்று காலை கதிரையும் கொவால்ஸ்கி அம்மாவையும் கொட்டிலுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். கதிர் எழும்பிப் போய்விட்டான். கொவால்ஸ்கி அம்மா புதுக் கொப்பியை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். இனி எனக்கு முறை இல்லை. சரியான தீர்ப்பு.

உங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். அந்தக் கைவிடும் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். டிரெஸ்டனில் இருப்பதா, இங்கே வருவதா என்பதை உங்கள் விருப்பத்துக்கு முடிவு செய்யுங்கள். என் பொய்யை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்று. உங்களை எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, நித்தி சும்மா சுகம் கேட்டு எழுதியிருக்கிறான் என்று லவினியாவிடம் சொல்லுவீர்கள். என் மானம் போகக் கூடாது என்று அந்தக் கைவிடும் கடிதத்தில் கையெழுத்தும் வைத்துவிடுவீர்கள். அதனால் அந்த வியாழனும் வெள்ளியும் நடந்ததை அப்படியே, சோதிக்க வருகிறவரும் வாசிக்கத்தக்கதாக ஜேர்மன் மொழியில் எழுதி, கீழே என் முழுப்பெயரையும் விலாசத்தையும் போட்டு, நேற்றே லவினியாவின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இது உங்கள் கைக்கு வரும்போது அவள் அதை வாசித்திருப்பாள். அவள் வந்து உங்களிடம் கேட்பாள். அப்போது தயவுசெய்து என்னைக் காப்பாற்றாதீர்கள் அண்ணை.

உங்கள் நீண்ட ஆயுளையும் தெளிந்த மனதையும் வேண்டிக்கொண்டு,
உங்கள் தம்பி என்று எழுதத் தகுதி இல்லாவிட்டாலும் அப்படியே எழுதும்,
நித்தியானந்தன்